விளக்கு வைக்கும் நேரத்தில் தொடங்குங்கள்: பினாங்கில் கவனப் பயிற்சி பழக விரும்புவோருக்கு

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு ஃபெர்ரியில் வேலைக்குப் போகிறவர்களுக்கு நாள்தோறும் ஏறத்தாழக் கால் மணி நேரம் சும்மா கிடைக்கிறது. அந்த நேரத்தில் யாரும் அவர்களிடம் எதையும் கேட்கப் போவதில்லை. செய்து முடிக்க வேண்டிய வேலையும் எதுவும் இல்லை. நடுக்கடலில் இறங்கி ஓடவும் முடியாது. "தியானம் பழக ஆசைதான், நேரந்தான் இல்லை" என்று என்னிடம் சொன்னவர்களில் பலர் இந்தக் கால் மணி நேரத்தைத் தங்கள் கணக்கில் சேர்த்ததே இல்லை. கைப்பேசியைப் பார்த்தபடியே அக்கரை சேர்ந்துவிடுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் அக்கரை சேர்ந்தேன்.

ஒருநாளும் அமர்ந்து பழகாதவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். புதிதாக நேரம் ஒதுக்குமாறு இங்கே எவரையும் கேட்கப் போவதில்லை. விளக்கு ஏற்றுதல், பயணம் செய்தல், பசியாறுதல், கோயிலை வலம் வருதல் என்று ஏற்கெனவே நாம் செய்துவரும் நான்கு காரியங்களுக்குள் வாரத்துக்கு ஒன்றாகக் கவனத்தைக் கொண்டுபோய் வைப்பதுதான் முறை. நான் சைவக் குடும்பத்தில் வளர்ந்ததால் விளக்கும் திருநீறும் என் எழுத்தில் வரும். தஸ்பீஹ் உருட்டுகிறவர்களும் ஜெபமாலை சொல்கிறவர்களும் அவற்றின் இடத்தில் தங்களுடையதை வைத்துக்கொள்ளலாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் மூச்சை மட்டும் வைத்துக்கொண்டாலும் பயிற்சியில் குறை ஏற்படாது.

முதலில் இந்தச் சொல்லைப் பற்றித் தெளிவு வேண்டும். அலுவலகப் பயிலரங்குகளில் மைண்ட்ஃபுல்னஸ் என்று சொல்லித் தரப்படும் முறை, பெரும்பாலும் 1979-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் ஜோன் கபாட்-ஸின் என்பவர் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியின் வழிவந்தது. தீராத வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்த நோயாளிகளுக்காக, பௌத்தத் தியான முறைகளிலிருந்து சமயச் சடங்குகளை விலக்கிவிட்டு அவர் அதை வடிவமைத்தார். அந்தப் பௌத்த முறையில் இதற்குப் பாலி மொழியில் சதி என்று பெயர். அதன் வேர்ப்பொருள் நினைவு என்பதாகும். செய்துகொண்டிருப்பதை மறவாமல் செய்வது என்று அதை விளக்கலாம். அடுப்பில் பால் பொங்கி வழியும்போது "நினைப்பெல்லாம் எங்கே இருக்கிறது?" என்று நம் அம்மாக்கள் கேட்பதும் இதைத்தான். அந்தக் கேள்வியை அதட்டலாக இல்லாமல், ஒரு நாளில் பலமுறை, நம்மை நாமே கேட்டுக்கொள்வதற்குப் பெயர்தான் கவனப் பயிற்சி. அப்படித் திரும்பிய மனத்தை ஒரு பெயரிடமோ உருவத்திடமோ ஒப்படைத்தால் அது வழிபாடாகிறது. இரண்டுக்கும் இடையில் மதில் எதையும் நான் பார்த்ததில்லை.

தொடங்குவதற்கு முன் ஒரு தவறான எண்ணத்தைக் கழித்துவிட வேண்டும். மனம் வெறுமையாகிவிட வேண்டும், எண்ணமே எழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள் மூன்றாம் நாளே எழுந்து போய்விடுகிறார்கள். மதயானையை வசப்படுத்துவது போன்ற காரியங்களையெல்லாம் செய்துவிடலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று தாயுமானவரே பாடியிருக்கும்போது, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பகல் முழுவதும் நின்றுவிட்டு வருகிறவருக்கு அது ஐந்து நிமிடத்தில் கைகூடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மனம் போகும், போனது தெரிந்ததும் திரும்ப அழைத்து வர வேண்டும். ஐந்து நிமிடத்தில் நாற்பது முறை ஓடி நாற்பது முறை திரும்பியிருந்தால் நீங்கள் நாற்பது முறை பயிற்சி செய்திருக்கிறீர்கள் என்று பொருள். அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம்.

முதல் வாரம்: விளக்கும் மூச்சும்

மாலையில் விளக்கு வைக்கும் நேரத்தை முதல் வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்கும் 7.45-க்கும் இடையிலேயே சூரியன் மறைகிறது. அதே வேளையில் அருகிலுள்ள சூராவிலிருந்து மாலைத் தொழுகைக்கான பாங்கும் கேட்கும். கடிகாரத்தில் மணி அடிக்கும்படி வைக்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் பாட்டிக்குப் பாங்குதான் விளக்கேற்றும் மணி. "கூப்பிட்டாச்சு, திரியைப் போடு" என்பார்.

விளக்கேற்றுவதை இந்த வாரம் மட்டும் மிக மெதுவாகச் செய்யுங்கள். முதலில் கூரை விசிறியை நிறுத்த வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் சுடர் நிற்காது. விசிறி நின்றதும் வீட்டில் ஒரு சத்தம் குறைவதைக் கவனியுங்கள். அவ்வளவு நேரமும் அது சுற்றிக்கொண்டிருந்தது அப்போதுதான் காதுக்குத் தெரியும். திரியை விரல்களுக்கிடையில் திரித்து எண்ணெயில் முழுவதும் நனைத்து, நுனியை மட்டும் சற்றே வெளியே இழுத்து விடுங்கள். தீக்குச்சியின் மருந்து சீறி எரியும் மணம், குச்சியிலிருந்து திரிக்குத் தீ தாவத் தயங்கும் ஒரு நொடி, திரியில் ஈரம் இருந்தால் எழும் மெல்லிய படபடப்பு, பிறகு சுடர் தடுமாறி நிமிர்ந்து நிற்பது ஆகியவற்றை ஒன்றும் விடாமல் பாருங்கள். விசிறி இல்லாத பினாங்குப் புழுக்கத்தில் அதற்குள் பிடரியில் வியர்வை வழியத் தொடங்கியிருக்கும். அதையும் துடைக்காமல் ஒரு கணம் உணருங்கள். இவ்வளவும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அடுக்குமாடி வீட்டில் தீ மூட்டத் தயங்குகிறவர்கள் மின்விளக்கு ஒன்றை ஏற்றிக்கொண்டு அடுத்த படிக்குப் போகலாம், ஆனால் தீச்சுடர் மனத்தைப் பிடித்து நிறுத்துவது போல் மின்விளக்கு நிறுத்துவதில்லை என்பது என் அனுபவம்.

இனி, அதே இடத்தில் ஐந்து நிமிடம் அமருங்கள். சம்மணமிட முடியாதவர்கள் நாற்காலியில் பாதங்களைத் தரையில் பதித்து உட்காரலாம். முதுகு விறைக்காமல் நிமிர்ந்திருந்தால் போதும். கைகள் மடியில் இருக்கட்டும். மூச்சு மூக்கின் நுனியில் நுழையும்போது சற்றுக் குளிர்ச்சியாகவும் வெளியேறும்போது சற்று வெதுவெதுப்பாகவும் இருப்பதைக் கவனித்தபடி, ஒவ்வொரு முறை மூச்சு வெளியேறும்போதும் ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ணுங்கள். பத்து வரை எண்ணிவிட்டு மீண்டும் ஒன்றுக்கு வாருங்கள். பதினேழு வரை போய்விட்டதை இடையில் உணர்ந்தாலும், நான்காவது மூச்சிலேயே கார் தவணை நினைவுக்கு வந்து எண்ணிக்கை தவறினாலும், சலித்துக்கொள்ளாமல் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மூச்சை இழுக்கவோ நீட்டவோ முயல வேண்டாம். அது தன் போக்கில் வந்து போகட்டும்.

ஒரு மனிதன் நாளொன்றுக்கு 21,600 முறை மூச்சு விடுகிறான் என்று நம் சித்தர் மரபில் ஒரு கணக்கு உண்டு. வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 15 மூச்சு வருகிறது; ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார் என்று மருத்துவர்கள் சொல்லும் அளவுக்குள் அது சரியாக அடங்குகிறது. ஆகவே ஐந்து நிமிடத்தில் உங்களுக்கு ஏறக்குறைய எழுபத்தைந்து மூச்சு கிடைக்கும். பத்து பத்தாக எண்ணினால் ஏழெட்டுச் சுற்று. அமர்ந்து சில நிமிடங்களில் மனம் சற்றுத் தணிவதற்கு உடலிலேயே ஒரு காரணம் இருக்கிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சிறிது விரைகிறது, வெளிவிடும்போது சிறிது தளர்கிறது. அதனால்தான் அமைதியாக அமரும்போது வெளிமூச்சு தானாக நீண்டுவர, உடல் இளகுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். மூச்சை எண்ணுவது வேறு, மூச்சை அடக்குவது வேறு. பதினாறு மாத்திரை நேரம் உள்ளிழுத்து, அறுபத்து நான்கு மாத்திரை நிறுத்தி, முப்பத்திரண்டு மாத்திரை வெளிவிடும் அளவைத் திருமூலர் திருமந்திரத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் அது குருவின் பக்கத்தில் இருந்து, ஆண்டுக்கணக்கில் படிப்படியாக ஏறிச் சேர வேண்டிய இடம். நான் அதைக் காணொளி ஒன்றைப் பார்த்து வெறும் வயிற்றில் முயன்று, கண் இருட்டிச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தவன். அன்று என் அக்காள் ஒரு குவளை தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு, "சாமியார் ஆகுறதுக்கு முன்னாடி பசியாறிடு" என்று சொன்னது இன்றும் எங்கள் வீட்டில் கேலியாக ஓடுகிறது. இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கும்பகம் என்னும் இந்த மூச்சடக்கலின் பக்கம் தாமாகப் போகவே கூடாது.

இரண்டாம் வாரம்: பயணம்

மாலை விளக்கை விடாமல், இரண்டாம் வாரத்தில் காலைப் பயணத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபெர்ரியில் வருகிறவர்களுக்கு இது எளிது. இருக்கையில் அமர்ந்ததும் கைப்பேசியைப் பைக்குள் வைத்து, பையின் வாயை மூடிவிடுங்கள். சட்டைப் பையில் இருந்தால் கை தானாகப் போகும் என்பதை முதல் நாளே கண்டுகொள்வீர்கள். கண்களை மூட வேண்டியதில்லை. கவனத்தை முதலில் பாதங்களுக்குக் கொண்டுபோங்கள். இயந்திரத்தின் அதிர்வு செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் ஏறுவது தெரியும். ஃபெர்ரி துறையைவிட்டு விலகும்போது அந்த அதிர்வு மாறும், நடுவழியில் சீராகும், அக்கரை நெருங்கும்போது மீண்டும் மாறும். இந்த மூன்று மாற்றங்களையும் தவறவிடாமல் பிடிப்பது ஒன்றே அந்த வாரத்தின் வேலை. நடுவில் மனம் அலுவலகத்துக்கு முன்கூட்டியே போய் வேலையைத் தொடங்கியிருந்தால், உடல் இன்னும் கடலில்தான் இருக்கிறது என்பதை அதற்கு நினைவூட்டி அழைத்து வாருங்கள்.

நாமம் சொல்ல விரும்புகிறவர்கள் மாலையில்லாமலே விரல்களில் எண்ணலாம். ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டு விரல் வரை நான்கு விரல்களிலும் விரலுக்கு மூன்று கணுவாகப் பன்னிரண்டு கணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கணுவையும் கட்டைவிரலால் தொட்டு ஒருமுறை பெயரைச் சொன்னால் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு. ஒன்பது சுற்றில் 108. இடக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிச் சுற்றுகளின் கணக்கை வைத்துக்கொள்ளலாம். ஐந்து விரலும் மடங்கிய பிறகு ஆறாவது சுற்றிலிருந்து ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டே வந்தால் ஒன்பதில் ஒரு விரல் மட்டும் மடங்கியிருக்கும். பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றே தெரியாது. முஸ்லிம் அன்பர்கள் தொழுகைக்குப் பின் முப்பத்து மூன்றாக எண்ணும் திக்ருக்கும் விரல் கணுக்களைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

பினாங்குப் பாலத்தின் வழியே மோட்டாரிலோ காரிலோ வருகிறவர்களுக்கு வேறு முறை வேண்டும். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் ஓட்டும்போது மூச்சையும் நாமத்தையும் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. அங்கே சாலையைப் பார்ப்பதுதான் தியானம். சமிக்ஞை விளக்கில் நிற்கும்போதோ நெரிசலில் முன்வண்டியின் பின்விளக்கு சிவக்கும்போதோ மட்டும், கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்று பார்த்துத் தளர்த்துங்கள். தோள்கள் காது வரை ஏறியிருந்தால் இறக்கிவிடுங்கள். ஒரு மூச்சு போதும். இதற்கு மேல் ஓட்டுநருக்குப் பயிற்சி எதுவும் தேவையில்லை.

இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கு நாள் தலைகீழாக இருக்கும். அவர்கள் தங்கள் நாள் தொடங்கும் வேளையில், அது பிற்பகல் மூன்று மணியாக இருந்தாலும், விளக்கைப் போட்டுக்கொள்ளட்டும். ஷிப்ட் முடிந்த களைப்பில் அமர்ந்தால் பயிற்சி தூக்கத்தில்தான் முடியும். அப்போது தூங்குவதே சரியானது.

மூன்றாம் வாரம்: பசியாறுதல்

காலை உணவுக்கு நம் நாட்டுத் தமிழில் பசியாறுதல் என்று பெயர். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்கக் கேட்டு முதலில் வியப்பார்கள். பசி ஆறுகிறதா என்று பார்த்தபடி உண்பதே இந்த வாரத்தின் பயிற்சி. முழு உணவையும் அப்படி உண்ண வேண்டியதில்லை, முதல் மூன்று கவளம் போதும். இடியாப்பமோ தோசையோ ரொட்டி சானாயோ எதுவானாலும், பிய்க்கும்போது விரலுக்குத் தெரியும் சூட்டிலிருந்து, விழுங்கிய பின் நாக்கில் நிற்கும் உப்பு வரை கவனித்துவிட்டு, நான்காம் கவளத்திலிருந்து வழக்கம்போல் பேசிக்கொண்டு சாப்பிடலாம். குடும்பத்தோடு உண்ணும்போது ஒருவர் மட்டும் வாய்மூடிக் கண்மூடி அமர்ந்திருப்பது மற்றவர்களுக்குத் துன்பம், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நான்காம் வாரம்: நடை

கவனத்தோடு நடக்கப் பழகுவதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு பாடம் இருக்கிறது. கோயிலை எப்படி வலம்வர வேண்டும் என்று கேட்டால், நிறைமாதக் கர்ப்பிணி தலையில் எண்ணெய்க் குடத்தைச் சுமந்துகொண்டு நடப்பது போல என்று பெரியவர்கள் சொல்வார்கள். குதிகால் பதிவது, பாரம் முன்னே நகர்வது, விரல்கள் ஊன்றுவது, அடுத்த கால் தரையை விடுவது என்று பயிலரங்குகளில் பிரித்துப் பிரித்துக் கற்பிப்பதை அந்த ஒரே உவமை சொல்லிவிடுகிறது. எண்ணெய் சிந்தக்கூடாது என்ற நினைப்பு இருந்தாலே நடை தானாக மெதுவாகிவிடும்.

1833-ஆம் ஆண்டு எழுந்த குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் இதற்கு ஏற்ற இடம். லிட்டில் இந்தியாவின் பாட்டுச் சத்தத்துக்கு நடுவில் இருப்பதால் அங்கே அமைதி கிடைக்காது. ஆனால் அமைதி கிடைக்கும் இடத்தில் மட்டும் பழகியவர்கள் இரைச்சல் வந்ததும் நிலைகுலைவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கோயிலைப் பரிந்துரைக்கிறேன். உள்ளே போனதும் மூன்று சுற்று வலம் வாருங்கள். முதல் சுற்றில் கல்தரையின் சூடும் குளிர்ச்சியும் உள்ளங்காலில் மாறி மாறி வருவதைக் கவனியுங்கள். இரண்டாம் சுற்றில் காதில் விழுவதை எல்லாம் விழட்டும், எதன் பின்னாலும் போகாதீர்கள். மூன்றாம் சுற்றில் நீங்கள் வேண்ட வந்ததை வேண்டிக்கொள்ளலாம். முடித்துவிட்டு நேரே செருப்பைத் தேடி ஓடாமல், நம் வழக்கப்படி ஓரிடத்தில் சற்று அமர்ந்து எழுங்கள். கோயிலுக்குப் போனால் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்ற விதியை நான் சிறுவயதில் அலுப்போடு கடைப்பிடித்தேன். தூணில் சாய்ந்து, வெளியே வாகனம் நிறுத்துமிடத்துக்கு வாங்கிய சீட்டு முடிந்திருக்குமோ என்று மனம் பதறுவதைப் பதறாமல் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் கோயில் வருகையின் சாரமான பகுதி என்று இப்போது தோன்றுகிறது.

கோயிலுக்குப் போகாதவர்கள் அதே வட்டாரத்தில் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் முழுவதையும் ஒருமுறை நடக்கலாம். 1818-இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் இன் கோயில், மாரியம்மன் கோயில், 1801-இல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என எல்லாம் ஒரே நடைதூரத்துக்குள் இருக்கின்றன. கண்ணுக்கு வேலை கொடுக்காமல் மூக்குக்கு மட்டும் வேலை கொடுத்து நடந்து பாருங்கள். ஊதுவத்திப் புகை எந்த இடத்தில் தொடங்குகிறது, மல்லிகை எங்கே தலைகாட்டுகிறது, நாசி கண்டார் கடையின் குழம்பு எந்தத் திருப்பத்தில் எல்லாவற்றையும் தோற்கடிக்கிறது என்று உங்களுக்கே ஒரு வரைபடம் கிடைக்கும்.

தண்ணீர்மலைப் படிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு ஏறும் 513 படிகளைத் தைப்பூசத்தன்று ஏறுகிறவர்கள் கூட்டத்தோடு ஏறுகிறார்கள். கால் எங்கே பதிகிறது என்பதைக்கூட முன்னால் போகிறவரின் முதுகுதான் தீர்மானிக்கிறது. அதன் மகிமை வேறு. பயிற்சிக்காகப் போகிறவர்கள் சாதாரண வாரநாள் ஒன்றில், வெயில் ஏறுவதற்கு முன் போக வேண்டும். படிகளை எண்ணாதீர்கள். எண்ணினால் இன்னும் எத்தனை என்ற கணக்கில்தான் மனம் நிற்கும். ஒரு படிக்கு ஒரு பெயர், முருகா என்றோ நீங்கள் விரும்பும் வேறெதுவோ, அவ்வளவுதான். மூச்சு வாங்கினால் நில்லுங்கள். நின்று திரும்பிப் பார்த்தால் ஊரும் கடலும் தெரியும். முழங்கால் வலி உள்ளவர்கள் பாதியில் இறங்கி வந்துவிடலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கவனம் அதிகம் தேவைப்படுகிறது. மனம் இறக்கத்தில் வீட்டுக்குப் போய்விடுகிறது, கால் மட்டும் படியில் இருக்கிறது.

இடையில் வரும் இடர்கள்

காலில் மதமதப்பு வந்தால் மாற்றி உட்காருங்கள். தூக்கம் வந்தால் கண்ணைத் திறந்து சுடரைப் பாருங்கள். அடுத்த வீட்டு நாய் குரைத்தால் குரைப்பைக் கேட்டுவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். இவை எல்லாம் சில்லறைத் தொல்லைகள். விடியற்காலையில் வாட்ஸ்அப்பில் வந்து குவியும் தாமரைப் பூ வணக்கங்கள்தான் நம் சமூகத்தில் ஆன்மிகத்துக்குப் பெரிய இடையூறு என்று நான் அரைகுறையாக நம்புகிறேன். ஆசி சொல்லி அனுப்பப்படும் அந்த முப்பது படங்களைத் திறந்து பார்த்து முடிப்பதற்குள், ஐந்து முறை அமர்ந்து எழுந்திருக்கலாம். அவற்றை விளக்கேற்றிய பிறகு பாருங்கள்.

இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில் சிலருக்குக் காரணமில்லாமல் அழுகை வரும், அல்லது ஆண்டுக்கணக்கில் நினைக்காத ஒருவர் மீது சினம் பொங்கும். ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தபோது நிற்காமல் போனவை, நீங்கள் நின்றதும் வந்து சேர்கின்றன. பெரும்பாலானவை சில நிமிடங்களில் தணிந்துவிடும். கண்ணைத் திறந்து, கையை விளக்கின் அருகே கொண்டுபோய் அதன் சூட்டை உணர்ந்தால் மனம் இந்த அறைக்குத் திரும்பும். ஆனால் அமரும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கிறது, பழைய பயங்கரம் ஒன்று கண்முன் நடக்கிறது, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறது என்றால், பயிற்சியை உடனே நிறுத்திவிட்டு அரசாங்கக் கிளினிக் மருத்துவரைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. இதைத் தவம் சோதிக்கிறது என்றோ கிரகம் சரியில்லை என்றோ விளக்கி, தொடர்ந்து உட்காரச் சொல்லும் எவருடைய பேச்சையும் கேட்க வேண்டாம்.

நாள் தவறிப் போவதைப் பற்றி ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக உட்காரக்கூடாது. கடன் கணக்கு தொடங்கிவிட்டால் மூன்று நாள் தவறியவர் இருபது நிமிடம் உட்கார வேண்டியிருக்கும். அவர் உட்கார மாட்டார். மறுநாளும் அதே ஐந்து நிமிடம்தான்.

நான்கு வாரத்துக்குப் பிறகு

ஒரு மாதம் கழித்து ஐந்து நிமிடம் குறைவாகத் தோன்றினால் பத்தாக்குங்கள், பிறகு பதினைந்து. அதற்கு மேல் தனியாக வளர்வது கடினம். மற்றவர்களோடு அமர்வது அப்போது துணைசெய்யும். பினாங்கில் ராமகிருஷ்ண ஆசிரமம் இருக்கிறது. ஜாலான் கம்பாரில் 1918-இல் தொடங்கிய இலங்கை மரபு மகிந்தாராமா விகாரை இருக்கிறது. நிகழ்ச்சி நேரங்களை நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த இடமானாலும், முதல் நாளிலேயே பெரிய தொகை கேட்டாலோ, குடும்பத்தையும் மருந்தையும் விடச் சொன்னாலோ, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

இன்னும் ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்குப் பகாங் மாநிலம் கம்பாங்கில் உள்ள தம்ம மலாயா நிலையத்தில் கோயங்கா என்ற ஆசிரியரின் மரபிலான பத்து நாள் விபஸ்ஸனா (பௌத்தத் தியான) முகாம் நடக்கிறது. கட்டணம் கிடையாது; முன்பு பயின்றவர்கள் தரும் நன்கொடையில் நடைபெறுகிறது. முதல் மூன்று நாளும் மூக்கருகே மூச்சைக் கவனிப்பது மட்டுமே பாடம் என்பதால், மாலை விளக்கின் முன் மூச்சை எண்ணிப் பழகியவருக்கு அது அந்நியமாக இராது. எனினும் முதல் மாதத்திலேயே விண்ணப்பிக்காமல், ஓராண்டாவது வீட்டில் அமர்ந்து பழகிய பிறகு போவது நல்லது. கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், பத்தாம் நாள் வரை சக பயிற்சியாளர்களோடு பேசக் கூடாது. ஆகவே புறப்படுவதற்கு முன் அலுவலகத்தில் விடுப்பை உறுதிசெய்து, கட்ட வேண்டிய தவணைகளைக் கட்டி முடித்து, நிலையத்தின் அவசரத் தொலைபேசி எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு, அம்மாவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு முறை சொன்னால் மூன்றாம் நாள் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்துவிடுவார்.